தண்டல் வீட்டுப் புறாக்கள்

ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதத்தில் காதர் மைதீன் வலது காலை இழுத்துக்கொண்டு வாலிநோக்கத்துக்கு வந்து சேர்ந்தார். கொழும்புக்குப் போகும் சரக்குத் தோணியில் பதினெட்டு வருஷம் தண்டலாக, தோணியை நடத்துகிறவராக இருந்தவர். காற்று, பாய், ஆட்கள் எல்லாம் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. ஒருநாள் கயிறு அறுந்து, பாய் கட்டியிருந்த பருமல் மரம் சரிந்தபோது அதற்கு நேர் கீழே நின்றிருந்தார். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். எலும்பு கூடிவிட்டது, முழங்கால் மட்டும் மடங்கவில்லை. ஆடுகிற பலகையில் நிற்க இனி அந்தக் கால் உதவாது என்று டாக்டர் சொன்னதை, வேறு யாருடைய காலைப் பற்றியோ சொல்வதுபோல வீட்டில் சொன்னார்.

மஜீதாவைக் கட்டி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. தோணி கரையேறி நிற்கும் மாதங்களில் மட்டும் வந்து இருப்பார். வந்த பதினைந்தாம் நாளே போகிற நாளைப் பேச ஆரம்பித்துவிடுவார். அதனால் வீடு முழுக்க அவள் வழக்கப்படியே நடந்து பழகிவிட்டது. ஆடு இரண்டு, கொல்லையில் முருங்கை, ஓலைப் பாய் முடைகிற வேலை, கீழக்கரையில் கட்டிக்கொடுத்த மகள் வந்தால் போனால் பார்ப்பது என்று அவளுடைய நாட்கள் யாரையும் கேட்காமல் ஓடின.

இப்போது விடிவதற்கு முன்னே எழுந்து வாசலில் நின்று காற்றுப் பார்க்கிற ஒரு மனிதர் வீட்டில் இருந்தார். தோணித் தட்டில் சாமான் அடுக்குவதுபோல அவர் வீட்டை அடுக்கினார். தண்ணீர்ப் பானைகள் ஒரே வரிசைக்கு வந்தன. விறகு நீளவாரியாகப் பிரிந்தது. ஆட்டுக் கயிறுகள் வட்டச் சுருளாகத் தொங்கின. ஒருநாள் மஜீதா அடுப்படியில் கையை நீட்ட, மிளகாய் டப்பா இருந்த இடத்தில் இல்லை.

“இங்கன இருந்த டப்பா எங்க?”

“கைக்கு எட்டுற எடத்துல வச்சிருக்கேன்.”

“யார் கைக்கு?”

அவர் மேலே கை காட்டினார். டப்பா மேல் பரணில் இருந்தது. ஆறடி உயரமான அவர் கைக்கு அது எட்டும்தான்.

பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மஜீதாவுக்குத் தோன்றியது. அவர் தினமும் காலையில் கம்பை ஊன்றிக் கடற்கரைக்குப் போவார். தூரத்தில் போகிற பாய்களைப் பார்த்துவிட்டு வெயில் ஏறியதும் திரும்புவார். மத்தியானச் சோறு பாதி தட்டிலேயே இருக்கும். தோணி முதலாளி ஒரு சொல் அனுப்பியிருந்தார். தூத்துக்குடியில் சரக்குக் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், தங்க அங்கேயே ஒரு அறை உண்டு, பங்குனி கடைசியில் வந்தால் போதும் என்று. காதர் மைதீன் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் தன் தகரப் பெட்டியை வெயிலில் காயவைத்தார். மஜீதா அதைப் பார்த்தாள். பெட்டி காய்கிறது என்றால் ஆள் புறப்படுகிறார் என்று இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியும்.

மாசி பிறந்த சமயம் அவர் கடற்கரையிலிருந்து பழைய தோணிப் பலகைகளை இழுத்து வந்தார். கொல்லையில் உட்கார்ந்து நான்கு நாள் இழைத்தார். பனைமரத் துண்டு நான்கை ஊன்றி, அதன்மேல் ஒரு பெட்டி ஏற்றினார். பத்து அறை, பத்து வாசல், மேலே சரிவான கூரை. ஒரு ஆணி வெளியே துருத்தவில்லை. என்ன இது என்று அவள் கேட்டபோது, கொழும்புத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு மாடி வீடு உண்டு என்றும், சரக்கு இறக்கக் காத்துக் கிடக்கிற சாயங்காலங்களில் அந்த மாடியிலிருந்து ஒரு கூட்டம் புறா எழும்பிச் சுற்றி இறங்கும் என்றும், அதைப் பார்த்தபடி பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன் என்றும் சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

உப்பளத்திலிருந்து உள்நாட்டு ஊர்களுக்கு உப்பு ஏற்றிப்போகும் தவசியின் வண்டியில் ஏறிக் கடலாடிச் சந்தைக்குப் போனார். சாயங்காலம் மூங்கில் கூடையோடு வந்தார். ஆறு புறா. ஒன்று சுத்த வெள்ளை. இரண்டுக்குக் காலில் சிறகு தொங்கியது. ஒரு ஆண் கழுத்தை உப்பிக்கொண்டு கூடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தது. அழகான புறாக்கள்தான். மஜீதா குனிந்து பார்த்தாள். மூக்கின்மேல் வெள்ளைச் சதை தடித்துச் சுண்ணாம்புபோல் இருந்தது. காலில் செதில் முற்றியிருந்தது. எங்கோ கூடு கட்டி, குஞ்சு பொரித்து, வானத்திலிருந்து தன் வீட்டை அடையாளம் தெரிந்த புறாக்கள் அவை.

“கொஞ்ச நாளு அடைச்சு வையுங்க” என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் அடைத்து வைத்தார். நான்காம் நாள் விடிந்ததும் வயிறு நிறையக் கம்பு போட்டுக் கதவைத் திறந்தார். ஆறும் ஒரே வீச்சில் எழும்பின. முருங்கைக்கு மேல் ஒரு சுற்று வந்தன. பிறகு நூல் பிடித்ததுபோல வடக்கே போயின. அவர் ஊன்றுகம்பைப் பிடித்தபடி உச்சிவெயில் வரை நின்றார். மஜீதா இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை.

நான்கு நாள் கழித்துத் தவசி வந்தான். சந்தைக்காரன் வீட்டுக் கூரையில் அந்த ஆறும் வந்து உட்கார்ந்ததையும், அடுத்த சந்தையில் அதே வெள்ளைப் புறாவை வேறொரு ஆளுக்கு அவன் விற்றதையும் சிரிக்காமல் சொல்ல முயன்றான், முடியவில்லை. காதர் மைதீனும் சிரித்துவைத்தார். ஆனால் தவசி போனதும் தகரப் பெட்டியை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தார். பங்குனிவரை எதற்கு, வருகிற வாரமே தூத்துக்குடிக்குப் போய்விடுகிறேன் என்றார்.

மஜீதா முடைந்துகொண்டிருந்த பாயைக் கீழே வைத்தாள்.

“அதுக போயிரும்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“பெரியபட்டணத்துல எங்க வாப்பா வீட்டுல அறுபது எழுபது புறா. கல்யாணம் ஆகுற வரைக்கும் நாந்தான் பார்த்தேன். இரை வைக்கிறது, குஞ்சு பிரிக்கிறது, சீக்கு வந்தா தனியா எடுத்துப் போடுறது எல்லாம்.”

அவர் துடைப்பதை நிறுத்தினார். “என்கிட்ட சொன்னதே இல்லையே.”

“எப்ப சொல்ல? வந்தா கடல்ல நடந்ததை நீங்க சொல்லுவீங்க. போறப்ப வீட்டுல நடக்க வேண்டியதைச் சொல்லுவீங்க. நான் கேட்டுக்குவேன்.”

“அந்த ஆறையும் இறக்கி வச்சப்ப சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லிருக்கலாம்” என்றாள் மஜீதா. “வாய் வரைக்கும் வந்துச்சு. இவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வாங்கிட்டு வந்தாருல்ல, பறக்கட்டும்னு விட்டுட்டேன். அது என் தப்புதான். நீங்க அந்த வெயில்ல நின்னப்பவே நெஞ்சு சுட்டுருச்சு.”

கொல்லையில் ஆடு கத்தியது. அவர் துணியை மடித்துப் பெட்டிமேல் வைத்தார்.

“சரி. இப்பக் கேக்குறேன். என்ன செய்யணும்?”

“முதல்ல குஞ்சாப் பார்த்து எடுக்கணும். அப்புறம் ஒரு மாசம் ஆள் கூடவே இருக்கணும். தூத்துக்குடிக்குப் போறதுன்னா போங்க, நான் தடுக்கல. போறதா இருந்தா புறா வேண்டாம்.”

அவர் யோசித்தார். ஒரு மாதம் என்றால் பங்குனிக் கடைசிதான் ஆகும், முதலாளி சொன்ன கணக்குக்குள்தான் வரும் என்றார். மஜீதா அதற்குமேல் கேட்கவில்லை.

தவசியின் பெண்சாதி நாகலெட்சுமி கடலாடிக்கு இந்தப் பக்கம், விவசாயக் குடும்பமான தங்கள் வீட்டில் புறா வளர்ப்பவள். தானியம் கொட்டும் அறையின் உத்தரத்தில் வரிசையாக மண்பானைகளைப் படுக்கவைத்துக் கட்டியிருந்தாள். அடுத்த உப்பு வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே காதர் மைதீனும் மஜீதாவும் ஏறிப் போனார்கள். வழியெல்லாம் கருவேலமும் கரிசலும். வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தார்கள். நாகலெட்சுமி நீர்மோரில் உப்பும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்டுச் செம்பில் கொடுத்தாள். பிறகு, மதினி வேண்டியதை எடுத்துக்கிடட்டும் என்று ஏணியைச் சாத்திவிட்டு, இந்த அம்மா என்ன எடுக்கிறாள் என்று பார்க்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மஜீதா முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். பெரிய புறாக்களை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டைவிட்டு வெளியே வந்து, தானே கொத்தித் தின்னத் தொடங்கி, இன்னும் கூரையைத் தாண்டிப் பறக்காத குஞ்சுகளைத்தான் தேடினாள். கழுத்தோரத்தில் மஞ்சள் மயிர் இரண்டொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது உதிர்வதற்கு முன்னே எடுத்துவிட வேண்டும். உதிர்ந்தபின் வெளியே பறக்கும், பறந்துவிட்டால் இந்த வீடுதான் அதற்கு வீடு.

முதல் குஞ்சை எடுத்தாள். கால் இரண்டையும் விரலிடுக்கில் வாங்கி, நெஞ்சு உள்ளங்கையில் படும்படி பிடித்தாள். பெருவிரலால் நெஞ்செலும்பைத் தடவினாள். எலும்பு கோணாமல் இருந்தது. சிறகை விசிறிபோல விரித்து ஒவ்வோர் இறகாகப் பார்த்தாள். வாலைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். கடைசியில் காதோடு வைத்து மூச்சைக் கேட்டாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் கீழே நின்ற புருஷனிடம் நீட்டினாள். அவர் கூடையில் விட்டார்.

இரண்டாவதைப் பார்த்தாள், வைத்துவிட்டாள். அது நல்ல கொழுத்த குஞ்சு. செம்பழுப்பு நிறம். காதர் மைதீன் அதைக் கண்ணால் குறித்து வைத்திருந்தார்.

“அது நல்லாத்தானே இருக்கு?”

“மூக்குல நீர் கோத்திருக்கு. மூச்சு விடுறப்போ கிர்ருன்னு ஒரு சத்தம். இது ஒண்ணு போதும், கூடை முழுக்கச் சீக்காயிரும்.”

நாகலெட்சுமி கையைப் பிரித்தாள். அந்தக் குஞ்சு நேற்றிலிருந்து சரியில்லை என்றும், மதினி கண்டுபிடிக்கிறாளா என்று பார்க்கத்தான் பேசாமல் இருந்தேன் என்றும் ஒப்புக்கொண்டாள். அதன்பின் அவளே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பானையில் எந்த ஜோடி, எந்தத் தாய் குஞ்சை மிதித்துவிடும், எந்தத் தகப்பன் புறாவைத் தூக்கும் வைரிப் பறவையைக் கண்டால் முதலில் இறங்கும் என்று வரிசையாகச் சொன்னாள். ஒரே கூட்டில் பொரித்த இரண்டை மஜீதா சேர்த்து எடுக்கவில்லை. வளர்ந்து கூடப்பிறந்ததோடேயே ஜோடி சேரும், குஞ்சு வாடிப்போகும் என்றாள். எட்டுக் கூட்டிலிருந்து எட்டுக் குஞ்சு. நிறம் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. சந்தையில் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

காதர் மைதீன் இப்போது குஞ்சுகளைப் பார்க்கவில்லை. ஏணிமேல் நின்றவளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அவருக்கு எத்தனையோ வருஷம் சோறு போட்டிருக்கிறது. அது ஒரு வேலையில் இப்படித் தயங்காமல் போய் வருவதை நின்று பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. அவருடைய தோணியில் இருந்த நல்ல ஆட்கள் இப்படித்தான் கயிற்றைத் தொடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மஜீதா கூண்டைச் சுற்றி வந்து பார்த்தாள். வேலை சுத்தம், ஆனால் வாசல் தெற்கே கடலைப் பார்த்து இருக்கிறது என்றாள். தெற்கத்திச் சோழகக் காற்று உப்பு ஈரத்தோடு நேரே உள்ளே அடிக்கும், குஞ்சு தாங்காது, காலை வெயில் விழுகிற மாதிரிக் கிழக்கே திருப்ப வேண்டும். கிழக்கே திருப்பினால் ஐப்பசியில் அந்தப் பக்கமிருந்து அடிக்கிற கொண்டல் மழையை என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். அது அவளுக்குத் தோன்றவில்லை. பெரியபட்டணத்தில் வாப்பாவின் கூண்டு மாடிப்படிக்கு அடியில் மறைவாக இருந்தது. கடைசியில் கூண்டு கிழக்கே திரும்பியது. வாசல்களுக்கு மேலே முழ நீளத்துக்குச் சாய்ப்பு ஒன்று வந்தது. முன்னால் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டி, குஞ்சுகள் உள்ளிருந்தபடி வானத்தையும் முருங்கையையும் வீட்டு ஓட்டையும் பார்க்கிற மாதிரி ஒரு வலைக்கூடு செய்தார். அவை வெளியே வருமுன் இடத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும் என்று மஜீதா சொன்னாள்.

இரை காலையும் மாலையும் மட்டும். கம்பு, சோளம், கொஞ்சம் பாசிப்பயறு. வைத்துவிட்டுப் போகக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இன்னும் இரண்டு வாய் வேண்டும் என்று இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். போடுவதற்கு முன்னால் தகர டப்பாவில் தானியத்தைக் குலுக்க வேண்டும், தினமும் அதே சத்தம். பழக்குகிற கை ஒன்றாக இருக்கட்டும் என்று டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டாள். இரை செரிக்கச் சிப்பியும் அடுப்புக்கரியும் செங்கல்லும் இடித்து, அளத்து உப்பு கலந்து ஒரு சட்டியில் வைத்தார்கள். இடிக்கிற வேலை அவருடையது. கால் நீட்டி உட்கார்ந்து செய்யக் கூடியது. இடிக்கும்போது அவள் பக்கத்தில் பாய் முடைவாள். அவளுடைய வாப்பாவைப் பற்றி அவர் கேட்பார். கல்யாணத்தன்று மாமனாராகப் பார்த்ததைத் தவிர அந்த மனிதரைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு குஞ்சு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது. எச்சம் பச்சையாகத் தண்ணீராக இருந்தது. மஜீதா அந்த நிமிஷமே அதை எடுத்துத் தனிக் கூடையில் போட்டு, சட்டி எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அவர் வெள்ளைப்பூண்டைத் தட்டி வெந்நீரில் போட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். மூன்றாம் நாள் அது செத்துப்போனது. தேர்ந்தெடுத்ததில் பிழை செய்துவிட்டேனோ என்று மஜீதா அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை. மற்ற ஏழையும் ஒவ்வொன்றாகப் பிடித்து மறுபடி காதில் வைத்துக் கேட்டாள். ஏழும் சுத்தமாக இருந்தன.

பங்குனி பாதியில் தவசி தூத்துக்குடிப் பக்கத்துச் சேதி ஒன்று கொண்டுவந்தான். முதலாளியின் கணக்கப்பிள்ளை தண்டல் எப்போது வருகிறார் என்று கேட்டாராம். காதர் மைதீன் சிப்பி இடித்துக்கொண்டிருந்தார். உலக்கையை நிறுத்தவில்லை.

“வரலைன்னு சொல்லிரு.”

தவசி மஜீதாவைப் பார்த்தான். அவள் குனிந்து ஓலையைப் பார்த்தாள்.

“வரலைன்னா எப்ப வருவீகன்னு கேப்பாங்க மச்சான்.”

“கிழிஞ்ச பாய் இருந்தா இங்க அனுப்பச் சொல்லு. உக்காந்து தச்சுத் தாரேன். ஊசி பிடிக்கக் கால் வேண்டாம். கீழக்கரையில ரெண்டு தோணிக்காரங்க ஏற்கெனவே அனுப்புறேன்னுட்டாங்க.”

தோணிக்காரர்களிடம் எப்போது பேசினார் என்று மஜீதாவுக்குத் தெரியாது. தவசி போன பிறகு அதைக் கேட்டாள். போன வாரம் என்றார். என்னிடம் சொல்லவில்லையே என்றாள். பாய் கைக்கு வந்தபிறகு சொல்லலாம் என்று இருந்தேன், தப்புதான் என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்கள்.

குஞ்சுகளைத் திறந்துவிட மஜீதா ஒரு வியாழக்கிழமை குறித்தாள். இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது, டப்பா சத்தம் கேட்டால் ஏழும் வலையில் வந்து தொங்குகின்றன, போதும் என்றாள். காதர் மைதீன் விடிகாலையில் வாசலில் நின்று மூக்கை நிமிர்த்திப் பார்த்துவிட்டு இன்றைக்கு வேண்டாம் என்றார். வானம் கண்ணாடிபோல் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. மத்தியானம் தாண்டியதும் தெற்கே கடல் கறுத்து, மணலை வாரி இறைத்துக்கொண்டு ஒரு காற்று எழும்பியது. முருங்கையில் ஒரு கிளை முறிந்தது. மஜீதா கூண்டுக்குச் சாக்குப் படுதா கட்டிவிட்டு வந்து, நாளைக்கு எப்படி இருக்கும் என்று அவரையே கேட்டாள். நாளை நன்றாக இருக்கும் என்றார்.

மறுநாள் காலை இரை பாதிதான் வைத்தார்கள். அசர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்ததும் வலையைத் தூக்கிக் கட்டினார். பறந்துவிடுமோ என்று அவர் தகர டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். ஏழும் நடந்துதான் வெளியே வந்தன. சாய்ப்பின்மேல் ஏறின, வீட்டு ஓட்டுக்குத் தாவின, உப்புப் படிந்த ஓட்டைக் கொத்தின. சாம்பல் நிறத்தில் ஒன்று சிறகை இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு எழும்பியது. மற்றவை அதன் பின்னால் எழும்பின. தாறுமாறான சுற்று. ஒன்று முருங்கையில் முட்டப் போய்த் தப்பியது. இரண்டாவது சுற்றில் கூட்டமாகிவிட்டன.

அப்போதுதான் பனைமரத்திலிருந்து வைரி இறங்கியது. கல் விழுவதுபோல வந்தது. கூட்டம் சிதறி நாலாபுறமும் போனது. மூன்று கடல் பக்கம் போனதை அவர் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“சத்தம் போடாதீங்க” என்றாள் மஜீதா. “கூப்பிடுங்க.”

அவர் டப்பாவைக் குலுக்கினார். தானியம் சலசலத்தது. வைரி வெறுங்காலோடு தென்னந்தோப்புப் பக்கம் போனதா, எதையாவது கவ்விக்கொண்டு போனதா என்று தெரியவில்லை. அவர் நிறுத்தாமல் குலுக்கினார். சாம்பல் நிறக் குஞ்சு முதலில் வந்து கூண்டுக்கூரையில் விழுந்தது. பிறகு இரண்டு சேர்ந்து வந்தன. பக்கத்து வீட்டு ஓட்டில் ஒன்று ஒளிந்திருந்து நடந்தே வந்தது. பள்ளிவாசலில் அந்தி மஃரிபு தொழுகைக்கு வாங்கு சொல்லும்போது கடலிலிருந்து இரண்டு தாழப் பறந்து வந்தன. ஏழாவது வரவில்லை.

இருட்டும்வரை நின்றார்கள். உள்ளே வந்ததும் மஜீதா தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்தாள். நாளைக்குத் திறக்க வேண்டாம், ஒரு வாரம் போகட்டும், வைரி இடத்தைப் பார்த்துவிட்டது என்றாள். இத்தனை நாளில் அவள் பயந்து அவர் அன்றுதான் கேட்டார்.

“காத்து அடிச்சுச்சுன்னு தோணியைக் கரையிலயே வச்சுக்கிட்டா அப்புறம் ஆள் ஏற மாட்டான், மஜீதா. மறுநாளே எடுத்திரணும். ஆறு, கூப்பிட்ட சத்தத்துக்கு வந்திருக்கு. வைரிக்கு நடுவுல வந்திருக்கு. நீ எடுத்த குஞ்சுக அதுக.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சோறு போட்டாள்.

மறுநாளும் திறந்தார்கள். வைரி வந்தது. அதன் நிழலைக் கண்டதுமே ஆறும் ஒன்றாக இறுகி முருங்கைக்குள் இறங்கிவிட்டன. அதற்கடுத்த நாள் வைரி வேறெங்கோ போயிருந்தது. சுற்று பெரிதானது, உப்பளத்து மேடுவரை போய்த் திரும்பின.

நான்காம் நாள் சாயங்காலம் மஜீதா அடுப்படியில் மீன்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கூண்டு திறக்கிற சத்தமும் சிறகுகள் படபடக்கிற சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் கம்பு ஊன்றுகிற ஒலி உள்ளே வந்தது. காதர் மைதீன் அடுப்படி நிலைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, முறத்திலிருந்த சின்ன வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “அதுக மேல பறக்குதுக. நீங்க இங்கன வந்து உக்காந்துட்டீங்க?”

“வரும்” என்றார் அவர். “உப்பு போட்டுட்டியா?”